புரட்டாசிக் கடைசிச் சனி

"பருவம் என்னய ஏமாத்திப்புட்டுது, தாயி. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

மடத்தம்மா கிணற்றடியில் உட்கார்ந்து சோற்றுப்பானையின் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏமாத்தணும்னா முதல்ல வாக்குக் குடுத்திருக்கணுமே, அண்ணாச்சி. உங்களுக்கு அது எப்ப வாக்குக் குடுத்துச்சு?"

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்றது. வந்த காலோடு திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் கேட்க வந்த காரியம் பெரிது. துண்டை உதறித் தரையில் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளுக்குக் காதோரம்கூட வெளுக்கவில்லை. அவர் அவளைத் தாயி என்பதும் அவள் அவரை அண்ணாச்சி என்பதும் ஊருக்கு ஒரு வேடிக்கை.

வேடிக்கை பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மனைவி குருவம்மா இறந்துபோன பிறகு அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. மகள் ஒரு ஊர், மகன் ஒரு ஊர். மடத்துக்கு வந்தால் இவளாவது எதையாவது கேட்பாள். என்ன செய்தீர், ஏன் செய்தீர் என்று கேட்கவும் மனுசனுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த மடம் கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரு வேப்பமரத்தையும் ஒரு கிணற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு நிற்கும். பழைய சாமியார் கண்ணை மூடியபின், அவருக்குச் சோறு பொங்கிப் போட்ட உலகம்மாள்தான் அங்கே மிஞ்சினாள். ஆட்கள் வந்து அவளிடம் எதையாவது கேட்டார்கள். அவள் எதையாவது திருப்பிக் கேட்டாள். அப்படியே மடத்தம்மா ஆகிப்போனாள்.

பிறந்தது கடற்கரைப் பக்கம். உப்பளத்துக்காரி. வெள்ளாமை என்றால் கிழக்கா மேற்கா என்று கேட்பாள். மடத்துக்குப் பின்னால் அவள் போடுகிற வெண்டை இடுப்பளவு வளரும். பிறகு ஒரு பிஞ்சுகூட விடாமல் செத்துப்போகும்.

"அந்த ரெண்டு தடவையும் என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"முத வருசம், குருவம்மா கண்ண மூடின வருசம், சரியா புரட்டாசிக் கடைசிச் சனியன்னைக்கு விதச்சேன். மொளச்சுச்சு. விரலளவு வந்துச்சு. வந்து அப்படியே கருகிருச்சு. அதுக்கடுத்து மழையே இல்ல."

"ரெண்டாவது?"

"போன வருசம் மழை முந்திக்கிருச்சு. புரட்டாசி பொறந்ததுமே நல்லா ஊத்திருச்சு. ஊரே விதச்சுச்சு. நான் விதைக்கல."

"ஏன்?"

"கடைசிச் சனி வரலியே."

மடத்தம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

"நாளு வந்த பெறகு விதச்சேன். பயிரும் வந்துச்சு. கதிரு பால் புடிக்கிற நேரத்துல காடு வெடிச்சுப்போச்சு. பூராவும் பதரு. மாட்டுக்குத் தட்டை கெடச்சதோட சரி."

"அந்தச் சனிக்கிழமையில அப்படி என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"அது குருவம்மா விதைக்கிற நாளு, தாயி." குரல் இளகிவிட்டது. "அவ வந்த நாள்லருந்து எங்க காட்டுல என்ன போடணும், எப்பப் போடணும்கிறதெல்லாம் அவ பாடுதான். நான் ஏர் புடிக்கிறதோட சரி. அவ அந்த நாளத் தப்பவிட்டதே கெடையாது."

"சரி. இப்ப என்ன கேக்க வந்தீங்க?"

"நாளைக்குக் கடைசிச் சனி."

"ஆமா."

"வீட்டுல ஒரே ஒரு பானை விதை கெடக்கு. இருங்குச் சோளம். அவளே கதிரு பொறுக்கி, அடிச்சு, சாம்பல் போட்டுப் பெரட்டி, வாயக் கட்டி வச்சுட்டுப் போன பானை. ஊரு பூராவும் மக்காச்சோளத்துக்குப் போயிருச்சு. ஒரு வீட்டுல போயி இந்த விதையக் கேக்க முடியாது. இந்தத் தடவையும் போச்சுன்னா…"

அவர் மூக்கை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வந்து மொதக் கை விதை விட்டா வெளங்கும்னு ஒரு நெனப்பு."

மடத்தம்மா சிரித்துவிட்டாள்.

"நானா? எங்க ஊர்ல மேகம் கறுத்தா எங்கம்மா வானத்தப் பாத்துக் கெட்ட வார்த்தையில வைவா. மழை விழுந்தா பாத்தியில கெடக்கிற உப்பு கரைஞ்சுரும். உங்களுக்கு விதைக்கிற மாசம் எங்களுக்குப் பட்டினி மாசம். அப்படிப்பட்ட வீட்டுக் கையப் போயி விதைக்குள்ள விடச் சொல்லுறீங்களே."

"என்னமோ தோணுச்சு, தாயி."

அவள் பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வாரேன். அதுக்கு முன்னால அந்த நாளச் சொல்லுங்க."

"எந்த நாள?"

"அவங்க விதைக்கிற கடைசிச் சனிய. ஏர் பூட்டுறதுலருந்து சொல்லுங்க. ஒண்ணும் விடக் கூடாது."

வெயிலுமுத்துவுக்கு வேறென்ன வேண்டும்.

"பொழுது கெளம்பையில ஏரப் பூட்டிருவேன். அவ பின்னாலயே வருவா. தலையில கூழுச் சட்டி, மடியில விதை, வாயில வெத்தல. காட்டுல கால் வச்சதும் ஒரு வாசம் வரும் பாருங்க, நனைஞ்ச கரிசல் வாசம். அப்பெல்லாம் அது நெஞ்சு வரைக்கும் எறங்கும். நான் சால் அடிச்சுக்கிட்டே போவேன். அவ சாலுக்குள்ள நடந்து விதைய விட்டுக்கிட்டே வருவா. புழுப் பொறுக்கக் கொக்கு வந்து எறங்கும். அதுகளோட பேசிக்கிட்டே வருவா."

"கொக்கோடயா?"

"ஆமா. 'புழுவத் தின்னுட்டுப் போயிரு. விதையில வாய வச்ச, கழுத்தத் திருகிருவேன்'னு. மேழியப் புடிச்சுக்கிட்டு முன்னால போற எனக்குக் கேக்கும். சிரிப்பா வரும்."

அவர் இப்போதும் சிரித்தார்.

"நான் சொல்லுற வருசம் சோளம் எப்படி வந்துச்சுங்கிறீக! உள்ள போனா ஆளு மறையும். மார்கழியில கிளி வெரட்டப் போவா. எங்க நிக்கான்னே தெரியாது. 'ஏ, எங்கடி இருக்க'ன்னு கரையில நின்னு சத்தம் போடுவேன். வேணும்னே பேசாம நிப்பா. எந்தப் பக்கம் கதிரு அசையுதுன்னு பாத்துப் பாத்து உள்ள போயித் தேடுவேன். கையில ஒரு கதிரக் கசக்கித் தின்னுக்கிட்டு, ஒண்ணுந் தெரியாதவ மாதிரி நிப்பா."

மடத்தம்மா அவர் கண்ணைத் துடைக்கிற வரை பொறுத்தாள்.

"மூத்த மக அப்ப எங்க?"

"மரத்துல தொட்டில் கட்டிப் போட்டிருந்தோம்."

"மகன்?"

"அவன் அப்பப் பொறக்கலியே. அது வேற வருசம். அவன் வயித்துல இருக்கையில ஆவணிக் கடைசியிலயே மழை புடிச்சுக்கிருச்சு. நெறமாசக்காரி. வீட்டுல கெடன்னா கேக்கல. வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து விதச்சுட்டுத்தான் படுத்தா."

"ஆவணியிலயா?"

"ஆவணிக் கடைசி."

"ம். இப்ப இருக்கிற மாட்ட வாங்கின வருசம்?"

"அது தீபாவளிக்கு மறுநாளு. ஊரே கறிக்கொழம்பு தின்னுட்டு உருண்டு கெடக்கு. இவ விதையக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கா. 'நல்ல நாளும் பொழுதுமா மனுசனப் படுக்க விடமாட்டியா'ன்னேன். காதுல போட்டாத்தான?"

"வேற?"

"ஒரு வருசம் சோளமே போடல. புரட்டாசி காய்ஞ்சு, ஐப்பசியும் காய்ஞ்சுபோச்சு. கார்த்திகை பொறந்துதான் மழை. 'இனிமே சோளத்துக்கு நேரமில்ல, கொத்தமல்லி போடுவோம்'ன்னா. தை மாசத்துல காடு பூராவும் வெள்ளப்பூ. காத்தடிச்சா ஊருக்குள்ள மணக்கும். அவ சேலையில மாசக்கணக்குல அந்த வாசம் போகல. தொவச்சாலும் போகல."

மடத்தம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கடைசிச் சனி?"

வெயிலுமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"இதெல்லாம் தப்பிப்போன வருசம், தாயி. இதக் கணக்குல சேக்கப்படாது."

"சரி. சேக்க வேண்டாம்."

அவள் எழுந்தாள்.

"நாளைக்கு வாரேன், அண்ணாச்சி. ஆனா விதை நீங்க விடுங்க. நான் ஏர் புடிக்கிறேன்."

"ஏரா!" அவர் பதறி எழுந்தார். "உங்களுக்கு ஏர் புடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு விதை விடத் தெரியுமா?"

வெயிலுமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

அந்தப் பக்கத்தில் மேழி ஆம்பளை கைக்கு, விதை பொம்பளை கைக்கு. குருவம்மா போன பிறகும் கூலிக்கு ரெண்டு பெண்களைக் கூட்டி வந்துதான் விதைத்தார். போடச் சொன்னார், போட்டார்கள். இத்தனை வயதுக்கு அவர் விதையைத் தொட்டதெல்லாம் பானையைத் தூக்கி வைத்தபோதுதான்.

"ஆம்பள மடியில விதை கட்டுனா ஊரு சிரிக்கும், தாயி."

"இப்ப மட்டும் என்ன, அழுதுக்கிட்டா இருக்கு?"

*

திரும்புகிற வழியில் டீக்கடைக்காரர் அய்யலுச்சாமி கூப்பிட்டார்.

"என்ன மாப்ள, மடத்துல நாள் குறிச்சுக் குடுத்தாச்சா?"

"நாளு எங்க வீட்டுல குறிச்சதுதான். நாளைக்கு."

"முந்தாநாள் தூறுனத நம்பியா?"

"தூறலா அது? காட்டப் போயிப் பாரும். கருகருன்னு கெடக்கு."

"நீரும் உம்ம சனிக்கிழமையும்!" அய்யலுச்சாமி கிளாசைக் கழுவி வைத்தார். "என்னைய மாதிரி போரப் போட்டு மக்காச்சோளத்துக்கு வாரும். மோட்டார் போட்டா பருவம், நிறுத்துனா கோடை. மேகத்தப் பாத்துக் கண்ணு நோக வேண்டாம்."

"போர்ல தண்ணி இருக்கா?"

அய்யலுச்சாமி பேச்சை மாற்றினார்.

வீட்டுக்கு வந்து வெயிலுமுத்து மூலையில் இருந்த பானைகளைப் பார்த்தார். வரிசையாக நின்றன. சோளப் பானையைத் தவிர மற்றதெல்லாம் காலி. ஒன்றில் வண்டு விழுந்தது. ஒன்றை அவரே வறுத்துத் தின்று தீர்த்தார்.

அவள் இருந்தபோது அந்த மூலைக்குக் கிட்டே போக முடியாது. ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கிற நாட்களில் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து விதை புடைப்பார்கள். அதாவது அவள் புடைப்பாள், அவர் படுத்துக்கொண்டு பார்ப்பார்.

"இது மழை முந்தி வந்தா," என்பாள் ஒரு பானையைத் தட்டி. "இது நேரத்துக்கு வந்தா. இது பிந்தி வந்தா."

"வரவே இல்லேன்னா?"

"அதுக்குத்தான் இந்தக் காணப்பயறு. அவிச்சுத் தின்னுட்டுப் படுக்க."

அவள் சிரிக்கும்போது சுளகு குலுங்கும். தூசி பறக்கும். இரண்டு பேருக்கும் தும்மல் வரும்.

அந்தத் தூசி வாசத்துக்காக அவர் காலிப் பானை ஒன்றுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தார். மண் வாடைதான் அடித்தது.

*

சனிக்கிழமை காலையில் காடு எண்ணெய் தேய்த்த தலை மாதிரி கறுத்துக் கிடந்தது.

"பாருங்க தாயி, பாருங்க!" வெயிலுமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அவ நாளு தப்புமா? நேரம் பாத்து மழை வந்திருக்கு பாருங்க!"

பானையின் வாயைக் கட்டியிருந்தது குருவம்மாவின் பழைய சேலைக் கிழிசல். முடிச்சு அவள் போட்டது. அதை அவிழ்க்க அவருக்கு நேரமாயிற்று. மடத்தம்மா அவசரப்படுத்தவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விதையைத் துண்டில் கொட்டி இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டார். டயர் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். ஏர் பிடிக்கிறவன் முள்ளுக்குப் பயந்து செருப்புப் போடலாம். விதை விடுகிறவள் வெறுங்காலோடுதான் சாலுக்குள் நடக்க வேண்டும்.

மடத்தம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மேழியைப் பிடித்தாள்.

"இப்ப என்ன சொல்லணும்?"

"ஹை-ன்னு சொல்லுங்க."

"ஹை."

மாடுகள் இரண்டும் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தன.

"என்னங்கடா முறைக்கிறீங்க? பொம்பளையப் பாத்ததில்லையா?"

"சத்தமா, தாயி! கோயில்ல வேண்டிக்கிற மாதிரி சொன்னா அதுக நகராது!"

மூன்றாவது சத்தத்துக்கு மாடுகள் கிளம்பின. ஏர் வடக்கே போயிற்று, பிறகு ஓடைப் பக்கம் போயிற்று, பிறகு ஒரு கரையான் புற்றைச் சுற்றிக்கொண்டு வந்தது. வெயிலுமுத்து தலையில் அடித்துக்கொண்டே பின்னால் போனார். ஒரு கை விதையை விட்டார். பாதி சாலுக்குள் விழுந்தது, பாதி வெளியே.

"எங்கண்ணாச்சி போடுறீங்க?"

"நீங்க எங்க போறீகளோ அங்கதான் போட முடியும்!"

முதல் சால் அப்படி முடிந்தது. பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி கிடந்தது.

"மேழிய அமுக்கிப் புடிங்க, தாயி. கொழு மண்ணுக்குள்ள எறங்கவே இல்ல. மேலாப்ல கோடு கிழிச்சுக்கிட்டுப் போகுது."

அவள் உடம்பின் பாரத்தையெல்லாம் மேழியில் போட்டாள். கொழு இறங்கியது. மாடுகளுக்கும் இப்போது வழி பிடிபட்டுவிட்டது, நேராக நடந்தன. நிலம் அவற்றுக்குத் தெரிந்த நிலம்.

வெயிலுமுத்து சாலுக்குள் கால் வைத்தார்.

எதிரே ஒரு முதுகு. அதைத் தவிர முன்னால் இருந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வியர்வை படர்ந்து, குனிந்து, மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு போகிற முதுகு. அத்தனை வருசமும் குருவம்மாவுக்கு எதிரே இருந்தது இதுதானா? அவர் முதுகு எப்படி இருந்திருக்கும்? கோபமாக இருந்திருக்குமோ?

மடிக்குள் கை விட்டு விதையை அள்ளினார். விடுவதற்குக் குனிந்து பார்த்தார்.

சால் வெளுத்திருந்தது.

அவருக்கு விளங்கவில்லை. இருபுறமும் பார்த்தார். உழாத மண் கருகருவென்றுதான் கிடந்தது. கொழு கிளறிவிட்ட மண் மட்டும் அடுப்புச் சாம்பல் நிறத்தில், கட்டி கட்டியாக, சாலின் இரண்டு பக்கமும் விழுந்து கிடந்தது.

இன்னும் ஓர் அடி வைத்தார். உள்ளங்கால் சுட்டது. வெயில் சூடு இல்லை, வெயில் இன்னும் ஏறவே இல்லை. கீழேயிருந்து வந்தது. ஆவணி மாசத்து வெக்கை முழுக்க அப்படியே உள்ளே இருந்தது.

கை நிறைய விதை. கையை விரிக்க வேண்டியதுதான்.

விரல் விரியவில்லை.

"நிறுத்துங்க, தாயி."

"இப்பத்தானே நேராப் போகுது!"

"நிறுத்துங்க. அங்க இருந்து பாத்தா உங்களுக்கு என்ன தெரியுது?"

"மாட்டு வாலு ரெண்டு. அதுக்கு அங்கிட்டு மண்ணு."

"எப்படிக் கெடக்கு?"

"நனைஞ்சு, கருப்பா."

"அத விட்டுட்டு இங்க வாங்க. நான் நிக்கிற எடத்துல நின்னு பாருங்க."

அவள் வந்து பார்த்தாள். கறுப்புக் காட்டின் நடுவே சாம்பல் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள காய்ஞ்சிருச்சா?"

"காயல, தாயி. நனையவே இல்ல. மேல ஒரு விரக்கடைதான் ஈரம். இப்ப விட்டா அந்த ஈரத்த நம்பி மொளைக்கும். மொளச்சு வேரக் கீழ எறக்கும்போது…"

அவர் சாலைப் பார்த்தபடி நின்றார்.

"மொத வருசமும் இப்படித்தான் கெடந்திருக்கும். நான் முன்னால போனேன். எனக்குக் கருப்புத்தான் தெரிஞ்சுச்சு."

மடத்தம்மா வெள்ளாமை தெரியாத உப்பளத்துக்காரியின் குரலில் கேட்டாள்:

"இன்னைக்குக் கடைசிச் சனியாச்சே, அண்ணாச்சி?"

"ஆமா."

"நாளு போயிருமே."

கையிலிருந்ததை அவர் மடிக்குள் போட்டார். ஒரு மணிகூடச் சிந்தாமல் மடியை இறுக்கி முடிந்தார்.

"போகட்டும்."

"பெறகு எப்ப?"

"இன்னொரு மழை வரணும். மண்ணுக்குள்ள முழங்கை போற அளவுக்கு நனையணும். ஐப்பசி பாதிக்குள்ள வந்தா சோளம் போடலாம். பிந்துச்சுன்னா யார்கிட்டயாச்சும் மல்லி விதை கேக்கணும். சோளம் பானைக்குள்ளயே கெடக்கட்டும், அடுத்த வருசத்துக்கு."

"மொதச் சாலுல விட்டது?"

"எறும்பு திங்கட்டும்."

அவர் மாடுகளை அவிழ்த்தார். மடத்தம்மா மேழியைத் தாங்கிப் பிடிக்க, நுகத்தடியை இறக்கும்போது வரப்பில் ஆட்டு மணி கேட்டது. குருவம்மாவின் அண்ணன் மகள் மாடத்தி, ஆடுகளை ஓடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆத்தே! மாமா, இது என்ன கோலம்? மடத்தம்மா மேழியப் புடிச்சிருக்காக, நீங்க மடியக் கட்டியிருக்கீக!"

"சிரி, சிரி. ஈரம் பத்தல. அவுத்துட்டோம்."

மாடத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாலைப் பார்த்தாள். பிறகு அவர் இடுப்பு மடியைப் பார்த்தாள்.

"அத்த மாதிரியே செய்றீக."

"அவ என்ன செஞ்சா?"

"இப்படித்தான், பாதியில நிப்பாட்டுறது. சின்னப்புள்ளையில ஓடைக்கரையில ஆட்ட விட்டுட்டு நான் பாத்துக்கிட்டே இருப்பேன்ல? அத்த ரெண்டு சால் நடப்பாக. நின்னு மடிய இறுக்குவாக. 'இன்னைக்கு வேண்டாம்'பாக. அவ்வளவுதான், நீங்க மாட்டப் போட்டு வைய ஆரம்பிச்சுருவீக."

"மாட்டயா?"

"அத்தைய வையத்தான் உங்களுக்குத் தைரியம் கெடையாதே. 'விடியமுன்ன எழுப்பிக் கூட்டியாந்து வெளையாட்டா காட்டுறீக'ன்னு மாட்டப் பாத்துக் கத்துவீக. அதுக பாவம், ஒண்ணுந் தெரியாம முழிக்கும்."

மடத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தார். மாட்டின் காதுகள் நினைவுக்கு வந்தன. தன்னுடைய குரல் வந்தது. மேழியின் வழவழப்புக்கூட உள்ளங்கையில் வந்தது. தனக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது மட்டும் எவ்வளவு முட்டியும் வரவில்லை.

"நான் வையும்போது அவ என்ன செய்வா, மாடத்தி?"

"அத்தையா? சிரிப்பாக."

"எனக்குக் கேட்டதே இல்லையே."

"சத்தம் வந்தாத்தான கேக்க? சேலத் தலைப்ப வாயில கடிச்சுக்கிட்டு, உங்க முதுகையே பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிப்பாக." மாடத்தி கம்பால் ஓர் ஆட்டைத் தட்டினாள். "நீங்க ஒரு தடவகூடத் திரும்புனதில்ல, மாமா."